அரைவாசி விலைக்கு ஆறு லவ் பேட்ஸ்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் குருவி வளர்க்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நம்ம ஊரில் இப்போது எந்த ஒழுங்கையால் போனாலும் ஒரு வீட்டு விறாந்தையிலாவது லவ் பேட்ஸ் சத்தம் கேட்கிறது. நல்ல விடயம். போனைத் தடவிக்கொண்டு இருப்பதை விட, ஒரு உயிருக்குத் தினையும் தண்ணியும் வைத்துப் பழகுவது பிள்ளைக்கு நல்லது. ஆனால் குருவி கூடக் கூட, குருவி விற்பனையும் கூடுகிறது. அதோடு இன்னொன்றும் வருகிறது: "சின்ன வருத்தம்தான், அரைவாசி விலைக்குத் தாறம், எடுங்க." நாங்கள் சொல்லும் வருத்தம் பெரும்பாலும் செள்ளு, சொறி. அந்த மாதிரி ஒரு கதைதான் எங்கட வீட்டுக்கும் வந்தது. எடுப்பதா விடுவதா என்று ஐந்து நாள் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அந்த ஐந்து நாளில் தேடி அறிந்ததும் முடிவெடுத்த விதமும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

விற்க வந்தவர் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர். வெளிநாடு போக விசா வந்துவிட்டது. மூன்று சோடி குருவி, பலகையும் கம்பிவலையும் வைத்து அடித்த பெரிய கூடு. நல்ல குருவி என்றால் சோடி 2,000 ரூபா போகும். இவர் கேட்டது சோடிக்கு 1,000. கூடு சும்மா. என் சின்ன மகனிடம் இரண்டு பெருநாள் காசும் சேர்த்து 4,350 ரூபா தகர டப்பாவில் இருந்தது. அவனுடைய கணக்குக்கு அதைவிட நல்ல வியாபாரம் உலகத்தில் இல்லை.

அந்தத் தம்பி ஒன்றையும் மறைக்கவில்லை. "சேர், முதல்லயே சொல்றன். மூணு குருவிக்கு மூக்கடியில சொறி மாதிரி இரிக்கி. மத்த மூணும் நல்லாத்தான் இரிக்கி. அதுனாலதான் இந்த விலை" என்றார். இன்றைய சந்தையில் இப்படிச் சொல்கிறவர் குறைவு. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தி நமக்கெல்லாம் தெரியும். இவர் ஈரத்தை மேலே எடுத்து வைத்தே விற்றார். ஆனால் குறையைச் சொல்லி விற்றால் அவருடைய பொறுப்பு முடிகிறது, நம்முடைய பொறுப்பு தொடங்குகிறது. தெரிந்துகொண்டு வாங்கிய பிறகு யாரையும் குறை சொல்ல முடியாது.

வீட்டில் பேச்சு தொடங்கியது. மச்சான் வந்து கூட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு, "அந்தப் பலகைக்கே மூவாயிரம் குடுக்கலாம். சொறிக்கு மண்ணெண்ணெய்யில பஞ்ச நனச்சித் தடவினாச் சரி. கோழிக் காலுக்கு நாம செய்யல்லயா?" என்றார். மனைவிக்கு விருப்பமில்லை. "ஏற்கனவே இரிக்கிற நாலும் நல்லா இரிக்கி. ஒண்டு அடையில வேற கிடக்கு" என்றார். உண்மை. எங்கட விறாந்தையில் இரண்டு சோடி. அதில் ஒரு பேடு, முட்டிக்குள் ஐந்து முட்டையோடு அடை கிடந்தது. மூத்த மகள் மட்டும் கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. "வாப்பா, நாம எடுக்காட்டி அதுகளுக்கு யாரு மருந்து போடுவாங்க?"

முதலில் அந்தச் சொறி என்ன என்று பார்ப்போம்.

நாம் லவ் பேட்ஸ் என்று சொல்லும் இந்தக் குருவியின் சரியான பெயர் பட்ஜெரிகார். ஆஸ்திரேலியாவின் வரண்ட உள்நாட்டில் கூட்டம் கூட்டமாகத் திரியும் பறவை. ஜோன் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் 1840 இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகம் முழுக்கக் கூடுகளுக்குள் வந்துவிட்டது. அதற்கு வரும் இந்தச் சொறிக்குக் காரணம் நெமிடோகொப்டிஸ் என்ற சிற்றுண்ணி. அரை மில்லிமீற்றர் கூட இல்லாத, சிலந்திக்கும் தேளுக்கும் சொந்தமான எட்டுக்கால் பூச்சி. தோலுக்குள் துளைத்து, அங்கேயே பெருகும். அதன் வாழ்க்கை முழுவதும் குருவியின் உடம்பில்தான். சொண்டின் ஓரம், மூக்குக்கு மேலுள்ள மெழுகு போன்ற தோல், கண்ணைச் சுற்றி, கால் என்று சாம்பல் வெள்ளை நிறத்தில் பொருக்குக் கட்டும். கிட்டப் பார்த்தால் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். நாள் போனால் சொண்டு கோணி வளரும். தினையை உடைக்க முடியாமல் குருவி பட்டினி கிடக்கும்.

இதில் ஒரு விடயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடைக்கு ஆயத்தமான பேட்டுக்கு மூக்குத் தோல் கபில நிறமாகிச் சொரசொரப்பாக வருவது இயல்பு. அது வருத்தமில்லை. பொருக்கு வெள்ளையாகி, ஓட்டை ஓட்டையாக, சொண்டுப் பக்கம் பரவினால்தான் யோசிக்க வேண்டும்.

எங்கட முடிவுக்கு முக்கியமாக இருந்தது இன்னொரு செய்தி. இந்தச் சிற்றுண்ணி ஒரு குருவியில் நீண்ட நாள் அடையாளமே காட்டாமல் இருக்கலாம். தாயிடமிருந்து முட்டிக்குள்ளேயே குஞ்சுக்குத் தொற்றலாம். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் பொருக்கு வெளியே வரும். ஆகவே "மூன்றுக்கு இருக்கிறது, மூன்றுக்கு இல்லை" என்ற கணக்குச் சரிவராது. ஒரே கூட்டில் இருந்த ஆறையும் வருத்தக் குருவியாகத்தான் எடுக்க வேண்டும். நல்ல மூன்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் போச்சு என்று நினைத்திருந்த மகன், இதைக் கேட்டதும் முகம் தொங்கிப்போனான்.

அடுத்தது அந்தச் சும்மா வரும் கூடு. மேலே சொன்ன பூச்சி குருவியோடு வாழ்வது. சிவப்புச் சிற்றுண்ணி என்று வேறொன்று உண்டு, அது கூட்டோடு வாழ்வது. பகலில் பலகை வெடிப்பு, ஆணி ஓட்டை, முட்டியின் அடி என்று ஒளிந்திருக்கும். இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போகும். அடைக் கோழிக்கும் வரும். நம்மையும் கடிக்கும். இரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடியது. வெறுங்கூட்டை இரண்டு கிழமை வெயிலில் வைத்தேன், இனிப் பயமில்லை என்று சொல்ல முடியாது. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: இரவில் கூட்டை வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, விடிந்ததும் துணியின் உட்பக்கத்தையும் மடிப்புகளையும் பாருங்கள். சிவப்பாகவோ கறுப்பாகவோ ஊரும் புள்ளிகள் இருந்தால் அதுதான். அந்தத் தம்பியிடம் சொல்லி ஒரு இரவு துணி போட்டுப் பார்த்தோம். காலையில் போட்டோ அனுப்பினார். புள்ளிகள் இருந்தன. சும்மா கிடைத்த கூடு அதோடு கணக்கிலிருந்து போனது.

மச்சான் சொன்ன மண்ணெண்ணெய் வைத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம ஊரில் பலர் செய்கிறார்கள். ஒரு லவ் பேட்ஸின் நிறை 30 முதல் 40 கிராம் வரைதான். அதன் மூக்கடியில் மண்ணெண்ணெய் தடவினால் ஆவி நேரே நுரையீரலுக்குப் போகும். தோலும் வெந்துபோகும். மாட்டுக்குப் போடும் ஐவமெக்டின் போத்தலை வாங்கி வந்து வீட்டில் சொட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மருந்து அதே மருந்துதான். ஆனால் மாட்டின் நிறைக்குச் செய்த செறிவு. அதில் ஒரு சொட்டு கூடினாலும் குருவி செத்துவிடலாம். மிருக வைத்தியர் அதைக் குருவியின் நிறைக்கு ஏற்றபடி ஐதாக்கித்தான் போடுவார். பிடரிப் பக்கம் இறகை விலக்கித் தோலில் விடுவார். ஒரு தடவையோடு முடியாது. புதிதாக வரும் பூச்சிகளுக்காக, ஏறக்குறைய இரண்டு கிழமை இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

இனிக் கணக்கு. மகனை இருத்தி, அப்பியாசக் கொப்பியில் அவனையே எழுதச் சொன்னேன்.

ஆறு குருவி 3,000 ரூபா. கூடு பாவிக்க முடியாததால் கம்பியில் புதுக் கூடு 4,500. மிருக வைத்தியரிடம் மூன்று முறை போய்வர ஓட்டோவுக்கு 600 படி 1,800. மருந்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 1,500. மொத்தம் 10,800 ரூபா.

அதே மூன்று சோடியை வருத்தமில்லாமல் முழு விலைக்கு வாங்கினால் 6,000. புதுக் கூடு 4,500. மொத்தம் 10,500 ரூபா.

மகன் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாப்பா, அப்ப விலைக்கழிவு எங்க போச்சு?" என்று கேட்டான். அது எங்கும் போகவில்லை. வருத்தமுள்ள உயிரை விலை குறைத்து விற்கும்போது யாரும் நமக்குக் காசு விட்டுத் தருவதில்லை. வைத்தியச் செலவை நம் கையில் தந்து, வேலையையும் நம்மிடம் ஒப்படைக்கிறார்கள். அவ்வளவுதான். அந்தக் காசை லாபம் என்று செலவழித்துவிட்டால் குருவிக்கு மருந்து கிடையாது. இந்த மாதிரிக் குருவிகள் நம்ம விறாந்தைகளில் கோணல் சொண்டோடு இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வாங்கும்போது எல்லோருக்கும் இரக்கம் இருக்கிறது. காசும் இருக்கிறது. இரண்டாவது தடவை மருந்துக்குப் போகும் நாளில்தான் இரண்டும் குறைந்துவிடுகிறது.

கணக்கு முடிந்தாலும் மகளின் கேள்வி முடியவில்லை. உயிர் விடயத்தில் லாப நட்டம் மட்டும் பார்ப்பது சரியா? அபூ உமைர் என்ற சிறுவனின் சின்னக் குருவி இறந்தபோது, அவனுடைய கவலையை விசாரித்து ஆறுதல் சொன்ன நபியின் உம்மத் நாம். பூனையைக் கட்டிவைத்துச் சாப்பாடு கொடுக்காமல் கொன்ற பெண்ணின் செய்தியும் நமக்குத் தெரியும். அந்தப் பெண் குற்றவாளியானது அடைத்து வைத்துவிட்டுக் கவனிக்காததால். கவனிக்க முடியாத உயிரை, பாவமே என்று அடைத்து வைப்பதும் அதற்குக் கிட்டத்தான் போகிறது.

ஆகவே மகளிடம் நான் கேட்டது, "நமக்கு இரக்கம் இருக்கா" என்று அல்ல. "நமக்கு இடம் இருக்கா" என்று. புதிதாக வரும் எந்தக் குருவியையும் குறைந்தது ஒரு மாதம் வேறாக வைக்க வேண்டும். வேறு என்றால் அடுத்த மூலையில் அல்ல, வேறு அறையில். முதலில் நல்ல குருவிகளுக்குச் சாப்பாடு வைத்து, பிறகு வருத்தக் குருவிகளைப் பார்த்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். வருத்தக் கூட்டின் பாத்திரம், துடைக்கும் துணி எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. எங்கட வீட்டில் இருப்பது ஒரு விறாந்தை. அதில் அடை கிடக்கும் பேடு. முட்டிக்குள் ஐந்து முட்டை. இந்தச் சிற்றுண்ணி குஞ்சுக்குத் தொற்றும் இடமே முட்டிதான். வெளியே இருக்கும் ஆறுக்கு இரக்கப்பட்டு, ஏற்கனவே நம்மை நம்பிக் கூட்டுக்குள் இருக்கும் நாலையும், இன்னும் பிறக்காத ஐந்தையும் ஆபத்தில் போடுவதா? மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இடம் இரிக்கிற ஆளத் தேடுவம்" என்றாள்.

எனக்குத் தோன்றாத வழி அது. எடுப்பதா விடுவதா என்று மட்டுமே ஐந்து நாள் யோசித்துக்கொண்டிருந்தோம். யார் எடுப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

என்னோடு படிப்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வீட்டில் வேறு குருவி, கோழி எதுவும் இல்லை. பின்பக்கம் ஒரு வெறும் அறை. வாரத்தில் இரண்டு நாள் மிருக வைத்திய நிலையத்தைக் கடந்துதான் பாடசாலைக்கு வருவார், ஓட்டோச் செலவும் இல்லை. விடயத்தைச் சொன்னேன். நான் சொன்ன கணக்கையும் பொருக்கையும் பூச்சியையும் எல்லாம் கேட்டுவிட்டு, "தொற்றுறத்துக்கு என்ட வீட்டில வேற உசிரு இல்லயே. எடுப்பம்" என்றார். எங்களுக்குப் பிழையான அதே வியாபாரம் அவருக்குச் சரியாக இருந்தது. குருவியும் அதுதான், வருத்தமும் அதுதான், விலையும் அதுதான். வீடுதான் வேறு.

மகன் தன் டப்பாவிலிருந்து 1,500 ரூபாவை எடுத்து மருந்துக்கென்று கொடுத்தான். நான் சொல்லிக் கொடுத்ததல்ல. அவனாகச் செய்தது.

குருவிகள் புதுக் கூட்டில் போயின. பழைய கூட்டை அந்தத் தம்பி தன் வளவிலேயே எரித்துவிட்டார். வைத்தியர் ஒரு பொருக்கைச் சுரண்டி எடுத்து உறுதிப்படுத்தி, ஆறுக்கும் மருந்து போட்டார். மூன்று தடவை, ஒன்றரை மாதம். முழுக் கதையையும் சொல்ல வேண்டும், அதனால் இதையும் எழுதுகிறேன்: ஒரு பேடு இரண்டாம் மருந்துக்கு முன்னமே செத்துவிட்டது. அதன் சொண்டு மிகவும் கோணிப்போய், நாங்கள் கண்டபோதே மெலிந்திருந்தது. மற்ற ஐந்துக்கும் பொருக்கு உதிர்ந்துவிட்டது. அதில் ஒன்றுக்குச் சொண்டு நேராகவில்லை. இனியும் ஆகாது. வைத்தியர் அவ்வப்போது வெட்டிவிடுகிறார். ஊறவைத்த தினை சாப்பிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். எங்கட விறாந்தையில் ஐந்து முட்டையில் நாலு பொரித்தது.

ஒரு பேடு செத்ததைக் கேட்டு மகள் அழுதாள். "நாம எடுத்திருந்தாலும் செத்திருக்குமா வாப்பா?" என்று கேட்டாள். "அநேகமா" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு "சின்ன வருத்தம், அரைவாசி விலை" என்று யாராவது குருவியோ முயலோ பூனைக்குட்டியோ கொண்டு வந்தால், எங்கட ஐந்து நாளிலிருந்து இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

1. வருத்தத்தின் பெயர் தெரியாமல் விலை பேச வேண்டாம். முதலில் மிருக வைத்தியர், பிறகு வியாபாரம்.

2. ஒரு கூட்டில் ஒன்றுக்கு இருந்தால் எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்று எடுங்கள். நல்லதைப் பொறுக்கி எடுக்கப் போக வேண்டாம்.

3. சும்மா கிடைக்கும் பலகைக் கூடு, முட்டி, பெட்டி எதுவானாலும் ஒரு இரவு வெள்ளைத் துணி போட்டுப் பாருங்கள்.

4. மண்ணெண்ணெய், மாட்டு மருந்து இரண்டையும் குருவிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

5. விலைக்கழிவுக் காசை அப்படியே மருந்துக்கு ஒதுக்கி வையுங்கள். ஒதுக்க முடியாவிட்டால் அந்தக் குருவி உங்களுக்குரியதல்ல.

6. வீட்டில் ஏற்கனவே குருவி இருந்து, வேறாக வைக்க அறை இல்லாவிட்டால், எடுக்காமல் விடுவதும் இரக்கம்தான். ஆனால் அதோடு கையைக் கழுவிவிடாமல், இடமும் நேரமும் உள்ள ஒருவரைத் தேடிக் கொடுங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தம்பி மாதிரிக் குறையைச் சொல்லி விற்றுப் பழகுங்கள். அவர் மறைத்திருந்தால் அந்த ஆறும் எங்கட விறாந்தைக்கு வந்திருக்கும். அங்கிருந்து யாருக்காவது குஞ்சு கொடுத்திருப்போம். அடுத்த வருடம் ஒழுங்கை முழுக்கப் பரவியிருக்கும். அவர் சொன்ன ஒரு உண்மை ஐந்து குருவியைக் காப்பாற்றியது. இன்னும் எத்தனை வீட்டுக் குருவியைக் காப்பாற்றியதோ, அல்லாஹ்தான் அறிவான்.

நேற்று அவரிடமிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாராம். குருவிகள் எப்படி என்று கேட்டிருந்தார். கோணல் சொண்டுக்காரன் தினை தின்னும் வீடியோவை அனுப்பி வைத்தேன்.